பருவத்தில் வாங்கும் வீடும் பருவத்தில் விற்கும் கடையும்

ஆண்டுச் சாமான் வாங்குகிற பழக்கம் வீடுகளில் குறைந்துபோய்விட்டது என்று சில்லறைக் கடைக்காரர்கள் பலர் நம்மிடம் குறைபட்டுக்கொள்கிறார்கள். மாசி, பங்குனி, சித்திரை ஆகிய மூன்று மாதங்களில் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய புளி, வத்தல், மல்லி, துவரம் பருப்பு, மஞ்சள் முதலியவற்றை மொத்தமாக வாங்கி, வெயிலில் காயவைத்து, சுத்தம் செய்து, பானையிலும் டின்னிலும் அடைத்து வைப்பது நம் பக்கத்து வீடுகளின் வழக்கம். அதோடு கூழ் வடாம், ஜவ்வரிசி வடாம், மோர் மிளகாய், கொத்தவரை வத்தல், சுண்டை வத்தல், மாவடு, ஆவக்காய் என்று மழைக்காலத்துக்கும் பண்டிகைக் காலத்துக்கும் வேண்டியதை வெயில் காலத்திலேயே செய்து முடித்துவிடுவார்கள். மளிகைக் கடைக்கு அந்த மூன்று மாதமும் அறுவடைக் காலம்.

இப்போது பாக்கெட் பொடியும் பாட்டில் ஊறுகாயும் வந்துவிட்டன. வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் செயலிகளும் வந்துவிட்டன. இனி ஆண்டுச் சாமானாவது, வடாமாவது என்று நம் அன்பர்கள் சலித்துக்கொள்கிறார்கள். பழக்கம் குறைந்தது உண்மைதான். ஆனால் அது அழிந்துவிட்டது என்பதை நாம் ஏற்பதற்கில்லை. அது வேறு உருவம் எடுத்திருக்கிறது. மொட்டை மாடியில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி பிரிட்ஜின் மேல்தட்டில் இருக்கும் பிரீசருக்குள் போயிருக்கிறது. இதைக் கவனித்த கடைக்காரருக்கு வியாபாரம் இருக்கிறது. கவனிக்காதவரின் வாடிக்கை கை மாறிப் போகிறது. அதனால்தான் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத முற்படுகிறோம்.

வீட்டில் நடந்த மாற்றம்

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீடுகள் பெருகிவிட்டன. அடுக்குமாடிக் குடியிருப்பில் வடாம் காயவைக்க மாடி கிடைப்பதில்லை. கிடைத்தாலும் காக்காய் ஓட்ட ஆள் இல்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் தொடங்கும் ஓட்டம், ஆவணிக் கல்யாணங்கள், நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை மழை என்று தைப் பொங்கல் வரைக்கும் நிற்பதில்லை. அந்த மாதங்களில் காலையில் தேங்காய் துருவவும் புளி கரைக்கவும் நேரமில்லாத வீட்டம்மாக்கள் என்ன செய்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை நாலு தேங்காயை உடைத்துத் துருவி, சிறு டப்பாக்களில் போட்டுப் பிரீசரில் வைக்கிறார்கள். மார்கழி, தை மாதங்களில் பச்சைப் பட்டாணியும் பச்சை மொச்சையும் மலிந்து கிடக்கும்போது உரித்து வைத்துக்கொள்கிறார்கள். தக்காளி மலிவான நாளில் வேகவைத்து அரைத்து, ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக்கி, கவரில் சேர்த்துக்கொள்கிறார்கள். இஞ்சி பூண்டு விழுதும் அப்படியே. வைகாசியில் மாம்பழச் சாறு எடுத்து வைக்கிறார்கள். அவர்கள் பாட்டி பானையில் செய்த வேலையைத்தான் இவர்கள் டப்பாவில் செய்கிறார்கள். மலிந்த காலத்தில் சேர்த்து, மெலிந்த காலத்தில் எடுப்பது என்ற கணக்கில் ஒரு மாற்றமும் இல்லை.

விலை கற்றுக்கொடுத்த பாடம்

இந்தக் கணக்கை மக்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. விலையே சொல்லித்தந்துவிட்டது. 2015-ல் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயை எட்டியது. 2019 டிசம்பரில் வெங்காயம் 100 ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூலையில் தக்காளி 100 ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடையில் வைத்து அரசு விற்க வேண்டிய நிலை வந்தது. 2025-ல் தேங்காய் விலை ஏறியபோது சட்னியின் அளவே வீடுகளில் குறைந்தது.

அதே தக்காளி வரத்து மிகுந்த மாதங்களில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் குப்பையில் கொட்டப்படுவதையும் நாம் பார்க்கிறோம். குப்பைக்குப் போகும் ஒரு பெட்டித் தக்காளி, 10 வீடுகளில் தொக்காகவும் விழுதாகவும் மாறினால் விவசாயிக்கும் ஓரளவு விலை நிற்கும்; வீட்டுக்கும் ஆடி, ஆவணியில் கை கடிக்காது. தொக்குக்கு வேண்டிய நல்லெண்ணெய், வத்தல் பொடி, கடுகு, வெந்தயம், பெருங்காயம் எல்லாம் எங்கே வாங்குவார்கள்? நம்மிடம்தான். தக்காளி விலை விழுந்த வாரமே எண்ணெயையும் கடுகையும் கண்ணில் படும்படி முன்வரிசையில் எடுத்து வைக்கிற கடைக்காரர் பருவம் தெரிந்தவர்.

காயவைப்பதும் குளிரவைப்பதும்

வாடிக்கையாளர் கேட்டால் சொல்லும் அளவுக்காவது கடைக்காரருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் பிரீசரில் வைக்க முடியாது; எல்லாவற்றையும் வெயிலில் வைக்கவும் முடியாது.

புளி, வத்தல், மல்லி, மஞ்சள், பருப்பு ஆகியவற்றுக்கு வெயில்தான் வைத்தியர். புளியைக் கொட்டை, நார் நீக்கி, நன்றாக உலர்த்தி, கல்லுப்புத் தூவி மண்பானையிலோ ஜாடியிலோ அடைத்தால் ஆண்டு முழுவதும் இருக்கும். வத்தலைக் கையில் எடுத்து ஆட்டினால் விதை குலுங்கும் சத்தம் கேட்கும்வரை காயவைக்க வேண்டும். ஈரம் தங்கிய வத்தலில் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையில் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். வறுத்தாலும் அரைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சின்ன வெங்காயத்தைக் காற்றோட்டமாகப் பரப்பி வைக்கலாம். அதைவிட நல்லது, வெயில் காலத்தில் தாளிப்பு வடகமாகப் பிடித்து உருண்டையாகக் காயவைத்துக்கொள்வது.

பட்டாணி, மொச்சை போன்ற பச்சைக் காய்களுக்குப் பிரீசர் ஏற்றது. ஆனால் உரித்ததை அப்படியே உள்ளே தள்ளினால் சில வாரங்களில் நிறம் மங்கி, வைக்கோல் வாடை அடிக்கும். கொதிக்கிற தண்ணீரில் பட்டாணியை இரண்டு நிமிடமும் மொச்சையை மூன்று நிமிடமும் போட்டெடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் கொட்டி, துணியில் பரப்பி ஈரம் போக்கிய பிறகுதான் வைக்க வேண்டும். காய்க்குள்ளேயே இருந்து அதைக் கெடுக்கிற நொதிகள் அந்தச் சூட்டில் அடங்கிவிடும். முதலில் தட்டில் பரப்பி இறுகவிட்டு, அப்புறம் கவரில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டாது. வேண்டிய அளவு அள்ளிக்கொள்ளலாம். ஒரு வேளைக்கு வேண்டியதை ஒரு பொட்டலமாகக் கட்டி, மேலே தேதி எழுதி வைப்பது இன்னும் நல்லது. வெள்ளரி, பூசணி போன்ற நீர்க்காய்கள் பிரீசருக்கு ஆகாது. எடுத்தால் சவசவ என்றிருக்கும். பச்சை உருளைக்கிழங்கும் அப்படித்தான்.

இன்னொன்றும் நம் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லலாம். ரவை, கொண்டைக்கடலை, பயறு முதலியவற்றை வாங்கியதும் காற்றுப் புகாத கவரில் போட்டு நாலு நாள் பிரீசரில் வைத்து எடுத்தால், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் வண்டு முட்டைகள் செத்துவிடும். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்கக் கூடாது. குளிர் போனபின் பிரித்து டின்னில் கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும். இந்த ஒரு யோசனையைச் சொன்னால், "உங்கள் கடைப் பருப்பில் வண்டு" என்று மூன்று மாதம் கழித்து வருகிற சண்டை பாதி குறையும்.

சரக்கின் வயதைச் சொல்லி விற்போம்

ஆண்டுச் சாமான் வாங்குகிறவர் நம்மை நம்பி ஓராண்டுச் சமையலை ஒப்படைக்கிறார். மாதச் சாமான் தவறினால் அடுத்த மாதம் மாற்றிக்கொள்வார். ஆண்டுச் சாமான் தவறினால் 12 மாதமும் அடுப்படியில் நம் பெயரைச் சொல்லித் திட்டுவார். இந்தப் பொறுப்பை உணர்ந்து விற்க வேண்டும்.

"அண்ணாச்சி, இது புதுப் புளிதானே?" என்று கேட்டால், பழசாக இருந்தால் பழசு என்று சொல்லிவிட வேண்டும். பழம்புளி கறுத்திருந்தாலும் குழம்புக்கு நன்றாகத்தான் இருக்கும். அதை விரும்பி வாங்குகிற வீடுகளும் உண்டு. பழசைப் புதுசு என்று விற்பதுதான் குற்றம். எடைக்காகத் தண்ணீர் தெளித்த புளியையும், உப்பை அள்ளிப்போட்ட புளியையும் கொள்முதலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். மொத்த வியாபாரி என்ற முறையில் சொல்கிறோம்: திருப்பி அனுப்பும் கடைக்காரரிடம் மண்டிக்காரர் இரண்டாம் முறை அந்தச் சரக்கைக் காட்டமாட்டார்.

வத்தலும் அப்படியே. குண்டூர்ப் புது வத்தல் மாசி முதல் வைகாசி வரை வரும். விற்காத சரக்கு அங்குள்ள குளிர்பதனக் கிடங்குகளுக்குப் போய், பிறகு ஆண்டு முழுவதும் வெளியே வரும். அந்த ஏ.சி. வத்தல் நல்ல சரக்குத்தான், நிறமும் குறையாது. ஆனால் குளிரிலிருந்து வெளியே வந்தது, திறந்தவெளியில் வெகுநாள் தாங்காது. ஓராண்டுக்குப் பொடி அரைக்கிறவருக்குப் புது மகசூலைக் கொடுப்பதே முறை. ராமநாதபுரம் குண்டு வத்தலுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலம் ஜவ்வரிசிக்கும் அதே ஆண்டு கிடைத்தது. நம் ஊர்ச் சரக்குக்குக் கிடைத்த இந்தப் பெருமையைக் கடை வாசலில் ஒரு பலகையில் எழுதி வைத்தால் காசா பணமா? ஆனால் பலகையில் எழுதியதுதான் மூட்டைக்குள்ளும் இருக்க வேண்டும்.

பிரீசரை அணைக்காதீர்கள்

இனி நம் அன்பர்களில் சிலருக்குக் கசப்பாக இருக்கக்கூடிய ஒரு செய்தி. வீட்டுப் பிரீசர் பெருகியது போலவே கடைகளிலும் பிரீசர் பெருகியிருக்கிறது. ஐஸ்கிரீமோடு பட்டாணி, சோளம், பரோட்டா எல்லாம் வைத்து விற்கிறோம். நல்லதுதான். ஆனால் இரவு கடையை அடைக்கும்போது விளக்கு, மின்விசிறியோடு சேர்த்துப் பிரீசர் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மின்கட்டணத்தைக் கண்டு பயந்து செய்கிறார்கள். வணிக இணைப்புக்கு நாம் கட்டுகிற கட்டணம் அதிகம் என்பதில் நமக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதற்காகச் செய்கிற சிக்கனம் இதுவாக இருக்கக் கூடாது.

உறைந்த பண்டம் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் இருக்க வேண்டும். குளிர், கிருமியைக் கொல்வதில்லை; தூங்கத்தான் வைக்கிறது. பண்டம் இளகினால் அது விழித்துக்கொள்கிறது; பெருகுகிறது. காலையில் சுவிட்சைப் போட்டதும் பண்டம் மறுபடி கல்லாகிவிடும். பெருகிய கிருமி பெருகியதுதான். வாங்குகிறவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது என்று எண்ண வேண்டாம். பட்டாணி மணி மணியாக உருளாமல் ஒரே கட்டியாக இருந்தால், கவருக்குள் பனித்துகள் நிறைந்திருந்தால், அது இளகி மறுபடி உறைந்த சரக்கு என்பது இன்று எத்தனையோ வீட்டம்மாக்களுக்குத் தெரியும். வீட்டில் தாங்களே பட்டாணி போட்டு வைக்கிறவர்கள் அல்லவா!

நிறைந்திருக்கும் பெரிய பிரீசர், மூடியைத் திறக்காமல் இருந்தால் மின்சாரம் இல்லாமலும் ஏறத்தாழ 48 மணி நேரம் குளிரைக் காக்கும். பாதி நிறைந்தது 24 மணி நேரம். இது வீட்டுக்குள் நிழலில் இருக்கும் கனத்த பெட்டிக்குச் சொன்ன கணக்கு. வாசல் வெயிலில், கண்ணாடி மூடி போட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை திறக்கிற கடைப் பிரீசருக்குப் பொருந்தாது. ஆகவே மின்தடை நேர்ந்தால் மூடியைத் திறக்காமல் வியாபாரத்தை நிறுத்தி வையுங்கள். இளகிய சரக்கை மறுபடி உறையவைத்து விற்காதீர்கள். இரவும் பகலும் ஓட்டக் கட்டுப்படி ஆகாது என்றால் பிரீசர் வைக்காமல் இருப்பதே மேல். பிரீசர் இல்லாத கடை மதிப்புக் குறைந்த கடை ஆகிவிடாது. பிரீசரில் வைத்ததை விற்பதைக் காட்டிலும், வீட்டுப் பிரீசருக்குள் போகிறதை விற்பதில்தான் நம் போன்ற சிறு வியாபாரிகளுக்கு வழி இருக்கிறது. கனமான கவர், மூடி இறுகும் டப்பா, ஐஸ் தட்டு, ஒட்டும் லேபிள், வடாம் பிழிகிற துணி, ஊறுகாய் ஜாடி ஆகிய இவற்றை எத்தனை மளிகைக் கடைகளில் பருவத்தில் பார்க்க முடிகிறது?

வீட்டுத் தயாரிப்பாளர்களும் நாமும்

தாங்களே செய்ய முடியாத வீடுகள், செய்து தருகிறவர்களைத் தேடுகின்றன. ஒவ்வொரு பேட்டையிலும் வடாம், வத்தல், ஊறுகாய், மிளகாய்ப் பொடி செய்து விற்கிற பெண்கள் இருக்கிறார்கள். சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. அவர்களுக்குக் கைப்பக்குவம் இருக்கிறது, கடை இல்லை. நமக்குக் கடை இருக்கிறது. பாட்டில் கம்பெனிகள் கொடுக்கிற லாபம் போதவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி தெரியும்.

ஆனால் ஒழுங்கோடு செய்ய வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ல் வந்து, 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் செய்து விற்கிறவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். சிறு தயாரிப்பாளருக்கான பதிவு ஒன்றும் மலையைப் பெயர்க்கிற வேலை அல்ல. பாக்கெட்டில் பொருளின் பெயர், சேர்மானம், எடை, செய்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். யாரிடம் வாங்கினோம் என்பதற்குச் சிட்டை கையில் இருக்க வேண்டும். கெட்ட பொருளை விற்றால் செய்தவரோடு விற்றவரும் பதில் சொல்லியாக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. அதே காரணத்தால், வீட்டில் உறையவைத்த பண்டங்களை வாங்கிக் கடையில் விற்பது இப்போதைக்கு வேண்டாம் என்பது நம் கருத்து. வெயிலில் காய்ந்த வடாமுக்கு வழியில் ஒரு மணி நேரம் தாமதமானால் ஒன்றும் ஆகாது. உறைந்த பண்டத்துக்கு அந்த ஒரு மணி நேரம் போதும் கெடுவதற்கு.

பணம் கொடுக்கும் விஷயத்திலும் ஒரு வார்த்தை. வடாம் பிழிகிற பெண்களுக்கு விற்ற பிறகு தருகிறோம் என்று மூன்று மாதம் இழுத்தடிப்பது அழகல்ல. பெரிய கம்பெனிக்கு ரொக்கம், பக்கத்துத் தெருப் பெண்ணுக்குக் கடன் என்றால் எந்த ஊர் நியாயம்?

மாத வியாபாரம் போய்விடாதா?

வீடுகள் பருவத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டால் மற்ற மாதங்களில் நமக்கு என்ன விற்கும் என்று சிலர் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 ரூபாய்ப் புளியை மாசியில் வாங்கி ஐப்பசி வரை வைத்துச் சில்லறையாக விற்று 8 சதவீதம் லாபம் வைத்தால் 800 ரூபாய். அதே சரக்கைப் பருவத்தில் 5 சதவீதம் வைத்து மூன்று முறை கொண்டுவந்து விற்றால் 1,500 ரூபாய். முதல் கணக்கில் வட்டி, கிடங்கு வாடகை, எடைக் குறைவு, மழைக்கால ஈரம், எலி எல்லாம் நம் தலையில். இரண்டாவதில் அந்தப் பாடு இல்லை. சதவீதங்கள் கடைக்குக் கடை மாறலாம்; சுழலும் பணம்தான் சம்பாதிக்கும் என்ற உண்மை மாறாது. புளி வாங்கிப்போனவர் எண்ணெய்க்கும் அரிசிக்கும் சோப்புக்கும் மாதந்தோறும் வரத்தான் போகிறார். சாமான் நன்றாக இருந்தால் வேறு கடைப் படி ஏறமாட்டார்.

மொத்தமாக வாங்கக் கையில் பணமில்லாத வீடுகள் உண்டு. அவர்களிடம் ஆண்டு முழுவதும் முன்பணம் வசூலிக்கிற சீட்டுத் திட்டங்கள் வேண்டவே வேண்டாம். அப்படி நடத்தி ஓடிப்போனவர்களால் நேர்மையான வியாபாரிகளுக்கும் கெட்ட பெயர் வந்ததை ஊரே அறியும். தெரிந்த வாடிக்கையாக இருந்தால் சரக்கை முதலில் கொடுத்து, மூன்று தவணையில் வாங்கிக்கொள்ளலாம். நம் கடன் நோட்டு அதற்குத்தானே இருக்கிறது? செயலியில் சாமான் விற்கிறவருக்கு இந்த வீட்டம்மாவைத் தெரியாது, நமக்குத் தெரியும். அவர் வீட்டில் எத்தனை பேர், காரம் எவ்வளவு, எந்த மாதம் விசேஷம் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். நம் கையில் இருக்கிற பெரிய முதல் அதுதான்.

சங்கம் செய்யக்கூடியது

தை மாதக் கடைசியில் சங்கக் கட்டடத்தில் உறுப்பினர்களைக் கூட்டி, அந்த ஆண்டு மகசூல் எப்படி, எந்தச் சரக்கு எந்த வாரம் வரும், எதை எவ்வளவு வாங்கலாம் என்று மொத்த வியாபாரிகள் சொல்ல ஏற்பாடு செய்யலாம். சிறு கடைக்காரர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு லோடு புளியோ வத்தலோ எடுத்துப் பங்கிட்டுக்கொண்டால், பெரிய அங்காடிகளின் விலைக்கு ஓரளவு ஈடு கொடுக்க முடியும். வீட்டுத் தயாரிப்பாளர்களின் பதிவுக்கு உதவ வாரம் ஒரு நாள் ஒதுக்கலாம். கடைப் பிரீசர்களை இரவில் அணைப்பதில்லை என்று உறுப்பினர்கள் அனைவரும் தீர்மானம் போட்டு, அதை வாசலில் எழுதியே வைக்கலாம். அந்த ஒரு வரி, எந்த விளம்பரத்தையும்விட வாடிக்கையாளர் மனதில் நிற்கும்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். அதைப் பாத்திரத்திலும் பிரீசரிலும் வீடுகள் செய்து காட்டுகின்றன. கடைகள் பின்தங்கலாகாது. இந்த மாசிக்கு முன்பாகவே கிடங்கைக் காலி செய்து, தராசைச் சோதித்து, ஜாடியும் டப்பாவும் வாங்கி வைத்து, நல்ல சரக்குக்குச் சொல்லி வைப்போம். பருவத்தில் நம்மிடம் வாங்கிப்போன சாமான், அடைமழை பெய்கிற ஐப்பசியில் ஒரு வீட்டின் அவசரத்துக்குக் கை கொடுக்குமானால், அந்த வீடு அடுத்த மாசியிலும் நம் கடைக்குத்தான் வரும்.